குண்டூசியின் இடது கன்னம்

தெருவில் அந்தத் தையல்காரருக்குக் 'குண்டூசி' என்றுதான் பெயர். நாற்பது வருஷமாக வாயில் ஊசியோ பொத்தானோ இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அளவெடுக்கும்போது 'உம்', 'உஹும்' என்ற இரண்டே வார்த்தைதான். அளந்து பேசுகிற மனுஷன் என்று நல்ல பெயர் வேறு. வாயைத் திறந்தால் ஊசி கொட்டும் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். இடது கை ஓரளவு வழிக்கு வந்துவிட்டது, காலும் முனகிக்கொண்டே வந்தது. இடது கன்னம் மட்டும் மரத்துப்போய், 'நீங்க முன்னால போங்க' என்று படுத்தேவிட்டது. கடைச் சாவி மனைவியின் பையில். டாக்டர்கள் எல்லாரும் சரி சொன்னால்தான் தருவேன் என்றுவிட்டாள். மிச்சமிருந்தது பல் டாக்டர்.

"வலிக்காத பல்லுக்கு எதுக்கு டாக்டர்?"

"உங்களுக்கு வலிக்கல. பக்கத்துல உக்கார்றவங்களுக்கு மூக்கு வலிக்குது."

வழியெல்லாம் சண்டை. முந்தின நாள் வீட்டில் திருட்டுத்தனமாக ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்திருந்தார். பொத்தான் மாயமாகிவிட்டது.

"நீதான் பெருக்கித் தள்ளிட்ட."

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க."

டாக்டரம்மா முதலில் கேட்டது பல்லை அல்ல, மருந்துச் சீட்டை. "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்க. பல்லு பிடுங்க வேண்டி வந்தாலும் நீங்களா அதை நிறுத்திடக் கூடாது. தெரியுதா?"

"ஒருநாள் தவறாம முழுங்குறேன்மா!" நெஞ்சை நிமிர்த்தினார் குண்டூசி.

நாற்காலி சாய்ந்தது. இடது கன்னத்துக்குள் சின்னக் கண்ணாடி போனது, பின்னாலேயே இடுக்கி. தட்டில் முதலில் விழுந்தது காலையில் தின்ற ரொட்டி. அடுத்து 'டிங்' என்று ஒரு வெள்ளைப் பொத்தான். நாலு கண்ணாலும் அவரையே முறைத்தது.

"பெருக்கித் தள்ளினது நான்தானே?" என்றாள் மனைவி. டாக்டரம்மாவின் முகமூடி குலுங்கியது.

மூன்றாவதாக வந்தது பாதி கரைந்த மாத்திரை. சிரிப்பு அப்படியே நின்றது. அது எந்த மாத்திரை என்று மனைவிக்கு நிறத்திலேயே தெரிந்துவிட்டது. இப்படி எத்தனை நாள் வயிற்றுக்குப் போகாமல் போனதோ!

"அந்தப் பக்கம் எது தங்கினாலும் உங்களுக்குத் தெரியாதுய்யா. அதான் ஈறு வீங்கியும் வலிக்கல," என்றாள் டாக்டரம்மா. "சாப்பிட்டதும் கண்ணாடி பாருங்க, விரலால துழாவுங்க, ரெண்டு பக்கமும் தேய்ங்க. மாத்திரை விஷயத்தை இப்பவே உங்க டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"அப்ப கடை?" குரல் நூலாக வந்தது.

"தாராளமா தைங்க. வாயில மட்டும் ஒண்ணும் வைக்காதீங்க. இன்னைக்குப் பொத்தான். நாளைக்கு ஊசி மூச்சுக்குழாய்ல போனா?"

"வாயில ஊசி வைக்காதவன் தையல்காரனா?" என்று முனகினார். மனைவி அவரை நேராகப் பக்கவாதத்துக்குப் பார்க்கும் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அடுத்த வாரம், பெரிய டாக்டரும் சரி சொன்ன பிறகு, மனைவி கடை வாசலில் நின்று, "ஆ காட்டுங்க," என்றாள். தெருவே பார்க்க, டார்ச் அடித்துக் கன்னத்தைச் சோதித்தாள். காலி. பையிலிருந்து, பஞ்சு அடைத்து அவளே தைத்த குட்டி மெத்தை ஒன்றை எடுத்து அவருடைய இடது மணிக்கட்டில் கட்டினாள். இனி ஊசிகளை அதில் குத்தி வைக்க.

குண்டூசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் கோணல். நூலும் மட்டம். முடிச்சு வெளியே தெரியுது. இதை எவன்கிட்ட கத்துக்கிட்ட?"

"வாய்ல ஊசி இல்லன்னதும் பேச்சைப் பாரு!" என்று சாவியை அவர் கையில் வைத்தாள்.