சொல்லாமல் திருத்தியவர்

ஸ்கேல்காரரை ஏமாற்றிய கோடு இன்னும் பிறக்கவில்லை. இதை ஊர் சொன்னது. சரி, அவரும் சொல்லிக்கொள்வார்தான். சொன்னால் என்ன தப்பு? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கட்டட வேலையில் பதினோரு வருஷம் கம்பி கட்டினார். மதியத்தில் மற்றவர்கள் சிமெண்ட் மூட்டையில் சாய்ந்து கண்ணயர, இவர் என்ஜினியர் விட்டுப்போன வரைபடத்தை விரித்து, எந்தக் கோடு எங்கே போய் நிற்கிறது என்று விரலால் தொடர்ந்து போவார். அப்படியே படம் போடக் கற்றார். பிறகு கம்ப்யூட்டரையும் ஒரு கை பார்த்தார். ஒரே அலுவலகத்தில் இருபது வருஷம் டிராஃப்ட்ஸ்மேன். ஐம்பத்தோராவது வயதில் கடல் தாண்டி இருந்த கம்பெனி ஒன்று விமான டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டது. எத்தனை பட்டதாரிகளுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்!

வந்த இடத்தில் ஆறு மாசம் சோதனைக் காலம். அது முடிந்து நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தால்தான் மனைவியையும் மகளையும் கூட்டி வர முடியும். மகள் பத்தாவது முடித்திருந்தாள். அவர் கடிதம் வரும் வாரமும் இங்கே பள்ளி திறக்கும் வாரமும் பொருத்தம் பார்த்து வைத்தாற்போல ஒன்றாக அமைந்திருந்தன.

வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் களைப்பு இல்லை. மற்றதெல்லாம்தான் ஆளைத் தின்றது. காலையில் இரண்டு பஸ் மாறி, எந்தக் கதவுக்கு எந்த அட்டையைக் காட்டுவது, எந்தத் தொட்டியில் எந்தக் குப்பையைப் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்கு மேலே இருக்கிற பெண் என்ஜினியருக்கு முப்பது வயது. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். இவருக்கு நாக்கு எழவில்லை. மேடம் என்றே ஓட்டினார். சாயங்காலம் அறைக்கு வந்தால் ஷூவைக் கழற்றக் குனியவே கால் மணி நேரம் யோசிப்பார்.

"என்ன அண்ணே, இன்னிக்கும் மலையைப் புரட்டிட்டு வந்தீங்களா?" என்பான் அறையில் கூட இருப்பவன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அவனுக்கு இவர் வைத்த பேரும் எக்ஸ்ரேதான்.

"மலையைப் புரட்டிடலாம்டா. இங்க ஒரு ஸ்டேப்ளரை நகர்த்தணும்னாலும் ஃபாரம் எழுதணும்."

ஐந்தாம் மாசக் கடைசியில் அந்தப் படம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிப்படி. படி திரும்புகிற தளத்தில் கம்பிக்குக் கம்பி இருநூறு மில்லிமீட்டர் இடைவெளி என்று மேடம் குறித்திருந்தார். ஸ்கேல்காரர் பார்த்ததும் கையால் கட்டிய கம்பியெல்லாம் உள்ளங்கையில் ஊறியது. அந்த நீளத்துக்கு, பிள்ளைகள் கூட்டமாக ஓடுகிற படிக்கு, நூற்றைம்பதுக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டும் பார்த்தார். நூற்றைம்பதேதான்.

பழைய அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய என்ஜினியர் தப்பு விட்டால் யாரும் மூச்சு விடக்கூடாது. ஸ்கேல்காரர் சத்தம் காட்டாமல் திருத்தி அனுப்பிவிடுவார். பெரியவருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் சாயங்காலம் ஸ்கேல்காரர் மேசைக்கு இரண்டாவது டீ வரும். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. இருபது வருஷத்தில் அப்படிக் குடித்த டீயில் ஒரு கிணறு ரொப்பலாம்.

இங்கேயும் அதையே செய்தார். இருநூறை நூற்றைம்பது ஆக்கினார். மாற்றிய படத்துக்குத் திருத்த எண் போட வேண்டும். போட்டால் யார் தப்பு என்று ஊருக்கே தெரியும்; போடவில்லை. சின்னப் பெண், பேர் கெடக்கூடாது என்று நினைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார், அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பழைய படம் அன்று காலையிலேயே வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தது. மறுநாள் புதுப் படமும் போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே எண், ஒரே தேதி. ஒரு கோஷ்டி இருநூறில் கட்டியது, இன்னொரு கோஷ்டி நூற்றைம்பதில் கட்டியது. பார்வையிட வந்த அதிகாரி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையை நிறுத்தினார். மூன்று நாள் கிரேன் சும்மா நின்றது.

மேடமும் மேனேஜரும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே இருந்த இருபது பேரும் பார்க்கலாம்.

"இந்த எண்ணை மாத்தினது யாரு?" மேடம் கேட்டார்.

ஸ்கேல்காரர் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் மேல் பழி போடலாம். கம்பி கட்டிப் பிழைத்த வயிற்றுக்கு அந்தப் பொய் இறங்கவில்லை. "நான்தான் மேடம்."

"ஏன்?"

இதற்குப் பதில் சொல்வதுதான் கொடுமை. மேனேஜர் முன்னால், 'நீ போட்டது தப்பு' என்று ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமினார். "இருநூறு இடைவெளி ஜாஸ்தி மேடம். பிள்ளைங்க ஓடுற படி."

மேடம் கால்குலேட்டரை எடுத்தார். இரண்டு முறை தட்டினார். காது சிவந்தது. "நீங்க சொல்றது சரி. தப்பு என்னோடது," என்று மேனேஜரைப் பார்த்தே சொன்னார். பிறகு இவரிடம் திரும்பினார். "ஆனா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க மரியாதைக்காக."

"என் மரியாதையைக் காப்பாத்தப் போய் அங்க ஒரே படி ரெண்டு விதமா நிக்குது. நாளைக்கு நீங்க தப்பா மாத்தினா எனக்கு எப்படித் தெரியும்?"

நான் தப்பாக மாற்றமாட்டேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

ஆறாம் மாசம் முடிகிற வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. சோதனைக் காலம் இன்னும் மூன்று மாசம் நீட்டிப்பு. வேலைத் திறமை மிக நன்று, முறை திருந்த வேண்டும் என்று எழுதியிருந்தது. இருபது வருஷ ஆளுக்கு முறை!

எக்ஸ்ரே கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். "அண்ணே, எலும்பு உடைஞ்சதை டாக்டர் கவனிக்கலன்னு வைங்க. நானே மாவுக்கட்டுப் போட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டா சும்மா விடுவாங்களா?"

"நீ போட்டா கோணக் கட்டுதான் போடுவ."

"நேராப் போட்டாலும் உதைப்பாங்க அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. இன்னும் வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். மனைவி எடுத்ததும் குரல் கணீரென்று எதிரொலித்தது. காலி வீட்டின் எதிரொலி.

"கடுதாசி வந்துதாங்க?"

"வந்துது." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மாமியார் முன்னால் கூட அவர் இப்படித் தலைகுனிந்து பேசியதில்லை.

"கட்டிலையும் பீரோவையும் கொடுத்தாச்சே," என்றாள். "துணியெல்லாம் பெட்டியில கிடக்கு."

"மூணு மாசம்தான்மா."

"ஸ்கூல் மூணு மாசம் காத்திருக்குமா? இங்கேயே பதினொண்ணு சேத்துடறேன். நடுவுல பிடுங்கி நட வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும்." பிறகு குரலை லேசாக்கினாள். "பாயில படுத்தா முதுகு நிமிரும்னு சொல்வாங்க. உங்க பொண்ணு ஏற்கெனவே உங்களை மாதிரி விறைச்சுக்கிட்டுத்தான் நிக்கறா."

"அவ என்ன சொல்றா?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கா. பேசமாட்டாளாம். ரெண்டு நாள் விடுங்க." போனை வைக்கும்முன் சொன்னாள்: "ஏங்க, வீட்ல நான் உப்பு ஜாஸ்தி போட்டா மட்டும் தெரு கேக்கக் கத்துவீங்க. அங்க போய் அந்தப் பொண்ணுகிட்ட வாயைத் திறக்க முடியலையா?"



திங்கட்கிழமை புதுப் படம் ஒன்று அவர் மேசைக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி. பதினொரு மணிக்குள் ஒரு தப்பு கண்ணில் பட்டுவிட்டது. ஒரே சுவரின் கனம் ஒரு இடத்தில் இருநூற்றைம்பது, இன்னொரு இடத்தில் முந்நூறு. கை தானாகவே திருத்தப் போனது. கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். எழுந்தார். மேடம் மேசை பதினாறு அடிதான். கம்பிக் கட்டைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறிய கால் அந்தப் பதினாறு அடிக்கு இழுத்துக்கொண்டு போனது.

"மேடம், இது தப்பு."

இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மேடம் படத்தைப் பார்த்து, "ஆமா. திருத்த எண் ஒண்ணு போட்டுடுங்க, நன்றி," என்றுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்.

எண் போட்டார். கீழே தன் பேரை எழுதினார். சாயங்காலம் மேசைக்கு எதுவும் வரவில்லை. மிஷினிடம் போய் வரிசையில் நின்று, தானே ஒரு டீ பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சர்க்கரைப் பொத்தானை அமுக்க மறந்திருந்தார். திரும்பவும் எழுந்து போகத் தெம்பில்லாமல், அப்படியே குடித்தார்.