நீலப் பூக்காட்டில் கேட்ட செய்தி

1986 ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் பாரிசில், லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருந்தோம். லிஃப்ட் கிடையாது. ஒரே அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் கட்டில். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் தொலைபேசி இல்லாததால், ஊரிலிருந்து யாராவது பேச வேண்டுமென்றால் கீழே இருந்த தமிழ்ப் பலசரக்குக் கடைக்குத்தான் எடுப்பார்கள். கடைக்கார அண்ணை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்.

அதற்கு முன் எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை வயிற்றில் வந்தபோது, பிள்ளை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு ஒலிநாடாக் கசற்றில் பேசிப் பதிவது. யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு ஒரு கசற் நிறையக் கதைத்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கணவர் மூலம் கொடுத்தனுப்புவேன். அம்மாவும் பதிலுக்குப் பேசி அனுப்புவா. என்ன சாப்பிட வேண்டும், என்ன சாப்பிடக் கூடாது என்பதுதான் அதில் பாதி.

தை மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கசற் வரவில்லை. ஊர் நிலைமை அப்படி, பாதை பூட்டியிருக்கும் என்றார் கணவர். நம்பினேன். பங்குனியில் மகள் சுகமாகப் பிறந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். இரண்டு பிள்ளைகளை இழந்தவளுக்கு ஒன்று கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

மகளுக்கு இரண்டு மாதமானபோது கணவர் திடீரென்று, “நீர் ஒருக்கா அக்காவைப் பாத்திட்டு வாருமன்” என்றார். அக்கா இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருந்தா. எங்களுக்குப் பயணப் பத்திரம் கிடைத்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த பயணம் அது. அவரே முன்னின்று விசா எடுத்துத் தந்தார். கார் து நோர் நிலையத்தில் ரயில் புறப்படும்வரை பிள்ளையை என் கையில் தராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு கிழமைப் பிரிவுக்கு இவ்வளவு வாட்டமா என்று நான் கேலி பண்ணினேன்.

ரயிலும் கப்பலும் மாறி டோவரில் இறங்கினேன். அக்காவும் அத்தானும் அங்கேயே வந்து நின்றார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். அக்கா நன்றாக மெலிந்திருந்தா. என்னைக் கட்டிப்பிடித்தவ விடவே இல்லை.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும், “வா, இஞ்சை கிட்ட ஒரு காடு இருக்கு. இப்பதான் பூக்கிற காலம்” என்றா. அத்தான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் காரிலேயே இருப்பதாகச் சொன்னார். காடு பார்க்க அவர் ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

அப்படி ஓர் இடத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உயரமான மரங்கள், அப்போதுதான் விரிந்த இளம் பச்சை இலைகள். வெயில் இலைகளுக்குள்ளால் இறங்கி நிலத்தில் அசைந்துகொண்டிருந்தது. மரங்களுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீலப் பூக்கள். ஒவ்வொரு பூவும் சின்ன மணி மாதிரித் தலை குனிந்து நின்றது. மழை பெய்து ஓய்ந்த ஈர வாசனையோடு பூ வாசனையும் கலந்து வந்தது. எங்கோ ஒரு பறவை விட்டு விட்டுக் கூவியது. மற்றபடி ஒரு சத்தமில்லை. லா சப்பலில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே இராப் பகலாக வாகனங்கள் ஓடும். மெத்ரோ போகும்போது கோப்பைகள் அதிரும். அந்த அறையில் மாதக்கணக்காகக் கிடந்து வந்தவளுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சிறு பெட்டை மாதிரி முன்னால் முன்னால் நடந்தேன்.

“அக்கா, அம்மாவை ஒருக்கா இஞ்சை கூட்டிக்கொண்டு வர வேணும்” என்றேன். “உந்தக் குருவி கத்திறதையும் கசற்றிலை பிடிச்சு அனுப்பலாம். ஆனா அவவோடை நான் கோபம். மூண்டு கசற் அனுப்பிப்போட்டன், ஒண்டுக்கும் பதில் இல்லை. பேத்தி பிறந்ததுக்கே ஒரு சொல்லு இல்லை. கடைசிக் கசற்றிலை நல்லா ஏசிவிட்டிருக்கிறன்.”

பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினேன். அக்கா பாதையின் நடுவில் நின்றா. இரண்டு கையையும் நீட்டி, “பிள்ளையை என்னட்டைத் தா” என்றா.

“ஏன், எனக்குக் களைக்கேல்லை.”

“தா எண்டுறன்.”

கொடுத்தேன். அவ பிள்ளையை வாங்கி, போர்வையைச் சரிசெய்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டா. அதற்குப் பிறகுதான் சொன்னா.

“அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா, பிள்ளை.”

எனக்கு விளங்கவில்லை. எங்கே போனா என்றுதான் கேட்டேன்.

“நெஞ்சு நோகுது எண்டு படுத்தவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தி எல்லாம் முடிஞ்சு போச்சு. தை மாசம். உனக்குச் சொன்னா இந்தப் பிள்ளையும் தங்காது எண்டு எல்லாருமாச் சேர்ந்து மறைச்சனாங்கள். பிள்ளை பிறந்தாப் பிறகு, பால் வத்திப்போகும் எண்டு பயந்தது. அவருக்கு உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரேல்லை. அதுதான் என்னட்டை அனுப்பினவர்.”

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா, அம்மா என்று கத்தினேன். அந்தக் காடு முழுக்க என் குரல்தான். அக்கா தடுக்கவில்லை. “கத்து. வீட்டிலை கத்தினா சுவருக்கு அங்காலை இருக்கிறவை பொலிசைக் கூப்பிட்டிடுவினம். நானும் இஞ்சை வந்துதான் அழுதனான்” என்று அழுதுகொண்டே சொன்னா. என்னை ஏன் பூப் பார்க்கக் கூட்டி வந்தா என்பது அப்போதுதான் புரிந்தது.

என் சத்தம் கேட்டு மரங்களுக்கு இடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வயதான வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும், கூட ஒரு நாய். அந்த அம்மா மூச்சு வாங்க வந்து, முதலில் அக்காவின் கையிலிருந்த பிள்ளையைத்தான் பார்த்தா. பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிள்ளை கொட்டாவி விட்டது. அவ அக்காவைப் பார்த்தா. எங்கள் தாய் இறந்துவிட்டா என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னா.

அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளிப்போய் அப்படியே நின்றார். அவருடைய மனைவி நல்ல பாவாடையோடு அந்த ஈர மண்ணில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டா. என் கை முழுக்கச் சேறு. அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டா. நான் அழுது முடியும்வரை விடவில்லை. பிறகு பையிலிருந்து போத்தலை எடுத்து மூடியில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. சீனி இல்லாத பால் தேத்தண்ணீர். குடித்தேன்.

குடித்து முடித்ததும் என்னிடம் ஏதோ கேட்டா. அக்கா மொழிபெயர்த்தா: “அம்மாவின்ரை பேர் என்ன எண்டு கேக்கிறா.”

சொன்னேன். அவ அந்தப் பெயரை மெதுவாகத் திருப்பிச் சொன்னா. நாக்கு புரளாமல் பிழையாகத்தான் வந்தது. மறுபடி சொல்லித் திருத்திக்கொண்டா. இத்தனை மாதமும் எனக்குத் தெரிந்த தமிழர் எல்லோரும் என் முன்னால் அம்மாவின் பேச்சையே எடுக்காமல் தவிர்த்திருக்கிறார்கள். அம்மா போய்விட்டா என்று அறிந்த பிறகு எனக்கு முன்னால் அவவின் பெயரைச் சொன்ன முதல் ஆள், ஊர் பேர் தெரியாத அந்த வெள்ளைக்கார அம்மாதான். கார்வரை எங்களோடு நடந்து வந்தார்கள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை இருக்கப் போனவள் அந்தக் கிழமையே திரும்பிவிட்டேன். அக்கா மறிக்கவில்லை. கார் து நோரில் கணவர் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. வீடு வந்து, பிள்ளையைக் கிடத்திவிட்டு, வழியெல்லாம் என்னை அரித்துக்கொண்டு வந்த ஒன்றைக் கேட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வீட்டுக் கொண்டாட்டம் என்று அவர் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம். எல்லாம் ஊர் ருசி. நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆசை ஆசையாகச் சாப்பிட்டேன். இன்னும் ஒரு வடை கொண்டு வந்திருக்கலாமே என்றுகூடச் சொன்னேன்.

“அண்டைக்குக் கொண்டு வந்த சாப்பாடு... அது அம்மாவின்ரை முப்பத்தொண்டாம் நாள் சாப்பாடோ?” என்று கேட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். “ஓம். பூசை முடிய எல்லாருக்கும் குடுத்தது. அம்மாவின்ரை நாளிலை நீர் பட்டினியாக் கிடக்கக் கூடாது எண்டுதான் கொண்டு வந்தனான்” என்றார். மாதா கோயிலில் எங்கள் ஆட்கள் எல்லோரும் என் அம்மாவுக்காக முழந்தாளில் நின்றிருக்கிறார்கள், கடைக்கார அண்ணையும் மனைவியும் உட்பட. பெற்ற மகள் ஐந்தாம் மாடியில் பாயாசம் குடித்திருக்கிறேன்.

அவரை என்னால் திட்ட முடியவில்லை. அந்தச் செய்தியை வீட்டுக்குள் தனியே சுமந்துகொண்டு, வேலைக்கும் போய், எனக்குச் சமைத்துத் தந்து, என் முன்னால் சிரித்துக்கொண்டு நடமாடிய மனுசன் அவர். எல்லோரும் பயந்த மாதிரி, எனக்குச் சொல்லியிருந்தால் என் மகளும் இல்லாமல் போயிருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

கசற்றுகளின் கதையைப் பல வருடங்களுக்குப் பிறகு அப்பா சொன்னார். மூன்றும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் அவர் தனியே இருந்து கேட்டிருக்கிறார். ‘ஏன் பேசுறியள் இல்லை, மகளை மறந்து போனியளோ’ என்று நான் அம்மாவோடு சண்டை பிடித்ததையெல்லாம் அந்தக் கிழவன்தான் இருந்து கேட்டிருக்கிறார். “நீ சுகமாக் கதைக்கிறாய் எண்டு எனக்கு அதுவே காணும்” என்றார். எனக்கு அன்றைக்கும் அழுகைதான் வந்தது.

இப்போது பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் அவளுடைய தகப்பனின் மரணத்தை மறைக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். நான் முதலில் அவளுடைய வைத்தியரிடம் கேட்டேன். சொல்லலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார். அன்றே போய், அவளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அழுதாள். தகப்பனின் பூசையில் முன் வரிசையில் இருந்தாள். என்னோடு கோபித்தவர்கள் இருக்கிறார்கள், இன்னும் பேசாதவர்களும் உண்டு.

என்மேல் இருந்த அன்பினால்தான் எல்லோரும் மறைத்தார்கள் என்பதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால் அம்மாவுக்காக அழ வேண்டிய நாளில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்கும்போது, எவ்வளவு அழுதாலும் அந்த நாள் எனக்குத் திரும்பக் கிடைக்காது என்ற துக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.