நேர்த்தியில்லாத இருநூற்றைம்பது கிலோமீற்றர்

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் கீழ் மண்டபத்தில் கோப்பி தருவார்கள். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, அங்கே புளோறன்ஸ் அன்ரிக்கும் புஷ்பமலர் அக்காவுக்கும் இடையில் ஒரு பேச்சு நடந்தது. நான் அதே மேசையில் இருந்தேன். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வந்தது என்பது இன்றும் எனக்கு மறக்கவில்லை.

புளோறன்ஸ் அன்ரிதான் தொடங்கினார்.

"புஷ்பம், ஆவணித் திருநாளுக்கு இந்தமுறை நான் குசினியிலை நிக்கமாட்டன். வேறை ஆளைப் பாருங்கோ."

புஷ்பமலர் அக்கா பெண்கள் சங்கத் தலைவி. திருநாள் வேலைகளைப் பங்கிடுவது அவர்தான். சிரித்தார்.

"என்னக்கா, விளையாடுறியளோ? முந்நூறு சனத்துக்கு ஆர் உலை வைக்கிறது?"

"அந்த நேரம் நான் ஸ்கொட்லாந்திலை நிப்பன்."

"அண்ணையும் வாறாரோ?" அன்ரியின் கணவரைத்தான் கேட்டார்.

"இல்லை, தனிய."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"நடக்க."

"நடக்கவோ? ஏன், உங்கடை லோறென்ஸ்கூக்கிலை றோட்டு இல்லையோ?"

பக்கத்து மேசையில் இருந்த பாடகர் குழுக் குகநேசன் அண்ணை கதிரையைத் திருப்பினார். "அக்காவுக்குச் சீனி கூடிப்போச்சுது போலை. டொக்டர் நடக்கச் சொன்னவராக்கும்."

"எனக்குச் சீனியும் இல்லை, ஒரு சனியனும் இல்லை," என்றார் அன்ரி. "அங்கை தீவுகள் இருக்கு. ஒண்டிலையிருந்து மற்றதுக்கு நடந்து போகலாம். சில இடத்திலை பாலம், ரண்டு இடத்திலை கப்பல். முதுகிலை ரென்ற் கொண்டு போறன். பதினைஞ்சு நாள்."

"பொம்பிளை தனிய ரென்றிலை படுக்கிறதோ! அண்ணை விட்டிட்டாரோ?"

"அவரிட்டை நான் கேக்கேல்லை. சொன்னனான்."

புஷ்பமலர் அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, என்னட்டை மறைக்காதையுங்கோ. நேர்த்தியோ?"

அன்ரி கோப்பியைக் கையில் எடுத்தார்.

"உங்கடை றொபினுக்கும் எமிலியாப் பிள்ளைக்கும் கலியாணம் முடிஞ்சு ஆறு வருசமாச்செல்லோ. மாதாட்டை நேந்தனியளோ, ஒரு குழந்தைக்கு?"

அன்ரி கோப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையை வைத்தார்.

"ஓம். அப்பிடித்தான் வையுங்கோவன்."

அந்த மேசையில் முகங்கள் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். புஷ்பமலர் அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். குகநேசன் அண்ணைகூட, "நல்ல காரியம் அக்கா, நல்ல காரியம்" என்றார். முந்நூறு பேருக்கு உலை வைப்பது யார் என்ற கேள்வி இரண்டே நிமிடத்தில் தீர்ந்தது. "இதை முதலே சொல்லியிருந்தா நாங்கள் என்ன மறிக்கவோ போறம்?" என்றார் புஷ்பமலர் அக்கா.

வீடு திரும்பும் பேருந்தில் நான் அன்ரியிடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். யன்னலைப் பார்த்தபடி சொன்னார். "உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பாத்தன், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஒரு பொய் சொன்னன், எல்லாருக்கும் விளங்கீற்றுது. நான் என்ன செய்ய?"

அவர் சொன்னது பொய்தான். அதைப் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் விடுமுறையில் தன் காசில் நடக்கப் போவதற்கு, மகனின் படுக்கையறையைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முந்திய வருடம் எங்கள் மண்டபத்து ஆண்கள் மூன்று பேர் சைக்கிளில் வடக்கே லொஃபோத்தன் தீவுகளுக்குப் போய் வந்தார்கள். கேக் வெட்டினோம், படம் எடுத்தோம், கை தட்டினோம். யாருக்காக நேர்ந்தீர்கள் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. புளோறன்ஸ் அன்ரி பத்தொன்பது ஆவணித் திருநாள்களுக்குச் சமைத்தார். அப்போதும் ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அன்ரி இருபத்திரண்டு வயதில் அகதியாக வந்து நோர்வேயின் வட கோடியிலுள்ள ஹம்மர்பெஸ்ட்டில் இறங்கியவர். அங்கே மீன் ஆலையில் பதின்மூன்று வருடம் மீன் வெட்டினார். அருளானந்தன் மாமாவைக் கட்டியதும் றொபினைப் பெற்றதும் அங்கேதான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தார்கள், மாமா பேருந்து ஓட்டினார், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினார்கள். இப்போது அன்ரி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். நானும் அங்கே வார இறுதிகளில் வேலை செய்கிறேன். அதனால்தான் பழக்கம். அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். பத்து நிமிட இடைவேளையில் இரண்டு பேரும் பேசாமல் இருப்பது எங்களுக்கு வசதி.

நடைக்கு அவர் முந்திய ஆண்டிலிருந்தே தயாராகி வந்தார். கூடாரத்தைப் பழையதாக வாங்கி, வீட்டுக் கூடத்தில் அடித்துப் பழகினார். முதல் முறை ஒஸ்ட்மார்க்கா காட்டில் தனியாகப் படுத்த அன்று மாமா காட்டு ஓரத்தில் காரை நிறுத்தி அதற்குள் படுத்திருக்கிறார். காலையில் பேருந்துத் தரிப்புக்கு நடந்து வந்த அன்ரி காரைக் கண்டுவிட்டார். "இனிமேல் இப்பிடிச் செய்தா நான் உங்கடை பஸ்ஸுக்குப் பின்னாலை வந்து, ஒழுங்கா ஓடுறியளோ எண்டு பாப்பன்" என்றாராம். அடுத்த முறை மாமா வீட்டிலேயே இருந்தார்.

ஆவணி முதலாம் திகதி ஹெப்ரிடிஸ் தீவுகளின் தெற்கு முனையான வற்றசேயில் தொடங்கினார். வடக்கே ஸ்ரோர்னோவே துறைமுகம் வரை இருநூற்றைம்பது கிலோமீற்றர். விமானத்தில் எரிவாயுக் குப்பி கொண்டு போக முடியாது என்பதால் இறங்கிய இடத்தில் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கு வறுத்த அரிசிமா, பருப்பு, மிளகாயோடு இடித்த கருவாடு. ஒவ்வொரு மாலையும் எனக்கு ஒரு வரி அனுப்புவார். "இருபத்திரண்டு கிலோமீற்றர். காத்து. கால் ஈரம்." "இண்டைக்கு ஒரு வீட்டுப் படலையிலை பெட்டிக்குள்ளை முட்டை விக்கினம். ஆளில்லை. காசைப் போட்டிட்டு நாலு எடுத்தன்." "கண்ணுக்குத் தெரியாத கொசு. தலைக்கு வலை போட்டுக்கொண்டு சோறு தின்னுறது எப்பிடி எண்டு இன்னும் கண்டுபிடிக்கேல்லை." பல வருடங்களாக அவரை அறிந்த எனக்கு, அந்த ஒரு வாரத்தில்தான் அவருக்கு இவ்வளவு பகிடி வரும் என்று தெரிந்தது.

ஐந்தாம் நாள் தென் யூயிஸ்ற் தீவில் நடந்தார். அது கத்தோலிக்கர் வாழும் தீவு. பாதைக்குப் பக்கத்தில் ஒரு குன்றுச் சரிவில் மிக உயரமான மாதா கற்சிலை நிற்கிறது. அதன் அடியில் காற்றுக்கு ஒதுங்கி இருந்து மாப்பிசைந்து சாப்பிட்டவர், ஒரு படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினார். மனைவி நலமாக இருக்கிறாள் என்ற சந்தோசத்தில் மாமா அதை எல்லாரும் பார்க்கும்படி வட்ஸ்அப்பில் போட்டார்.

புஷ்பமலர் அக்காவுக்கு அது போதும். அன்றே எங்கள் பங்குக் கோவிலின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. இருநூற்று நாற்பது பேர் உள்ள குழு. "எங்கடை புளோறன்ஸ் அக்கா மகன் றொபினுக்கும் மருமகள் எமிலியாவுக்கும் குழந்தை வரம் வேண்டி மாதாவின்ரை சந்நிதிக்குக் கால்நடையாய்ப் போய்ச் சேர்ந்திட்டா. நாளையிலையிருந்து நாங்களும் நவநாள் செபத்திலை அந்தப் பிள்ளையளின்ரை பேரைச் சொல்லி மன்றாடுவம்." மன்றாடினார்கள். ஒவ்வொரு நாளும், ஆள் மாறி ஆள், இரண்டு பேருடைய பெயரையும் முழுதாகச் சொல்லி. சிலர் தங்களுக்குத் தெரிந்த வைத்தியர்களின் தொலைபேசி எண்களையும் போட்டார்கள்.

றொபினும் எமிலியாவும் அந்தக் குழுவில் இல்லை. அவர்களுக்குப் பிள்ளை வேண்டுமா, வேண்டாமா, வேண்டியும் கிடைக்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதமாட்டேன்.

எமிலியா பியோர்ண்டாலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. ஆவணி பத்தாம் திகதி மாலை பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தமிழ்த் தாய், மற்றப் பெற்றோர் நிற்கும்போதே, எமிலியாவின் வயிற்றில் கை வைத்தாராம். "கவலைப்படாதை அம்மா, மாமி உனக்காக நடக்கிறா. நாங்கள் எல்லாரும் செபிக்கிறம்." அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இன்னொருத்தியின் வயிற்றில் கை வைக்க இவருக்கு யார் அனுமதி தந்தது? அன்பு என்றால் அனுமதி வேண்டாமா?

அன்று அன்ரி ஹாறிஸ் தீவின் மேற்குக் கடற்கரையில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார். றொபின் தொலைபேசியில் அழைத்தான். அந்தப் பேச்சைப் பின்னர் அன்ரி எனக்குச் சொன்னார்.

"அம்மா, நீங்கள் எங்களுக்கு நேர்த்தி வைச்சுத்தான் நடக்கிறியளோ?"

"இல்லையடா."

"அப்ப ஏன் ஒஸ்லோ முழுக்க அப்பிடிச் சொல்லுது? ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்."

"ஏன்?"

"என்னை விடுறதுக்கு."

றொபின் சொன்னானாம். "உங்களை விடுறதுக்கு எமிலியாவைக் குடுத்திட்டியள் அம்மா. அவ வேலையிலையிருந்து அழுதுகொண்டு வந்தவ. உங்களோடை இனிக் கதைக்க மாட்டாவாம்."

அன்ரி எமிலியாவை நான்கு முறை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. அதன் பிறகு கூடாரத்துக்குள் இருந்து பங்குக் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். காற்று இரைச்சலுக்கு மேலால் கத்திப் பேசியிருந்தார்.

"நான் புளோறன்ஸ். நேர்த்தி எண்டு நான் சொன்னது பொய். றொபினும் எமிலியாவும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான் அவையளுக்காக நடக்கேல்லை. எனக்கு நடக்க விருப்பம், நடக்கிறன். அவையின்ரை பேரைச் சொல்லிச் செபிக்கிறதை இப்பவே நிப்பாட்டுங்கோ. அந்த ரண்டு பிள்ளையளிட்டையும் நான் மன்னிப்புக் கேக்கிறன். உங்களிட்டையும் கேக்கிறன், பொய் சொன்னதுக்கு மட்டும்."

முதலில் பதில் போட்டவர் குகநேசன் அண்ணை. "அப்ப அஞ்சு நாள் நாங்கள் ஆருக்குச் செபிச்சம்? ஸ்கொட்லாந்துக்காரருக்கோ?" அதற்குக் கீழே முப்பது பேர் சிரித்திருந்தார்கள். பிறகு வரிசையாக வந்தன. மாதாவை வைத்துப் பொய் சொல்லலாமா? புருசன் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார்? மனநிலை சரியில்லைப் போலும், பாவம். புஷ்பமலர் அக்கா அழுதபடி ஒரு பதிவு போட்டார். "நான் நல்லதுக்குத்தானே செய்தனான்."

நல்லதுக்குத்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருநூற்று நாற்பது பேரில் ஒருவராவது எமிலியாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தாரா? இல்லை. தாங்கள் ஏமாந்தது மட்டும்தான் அவர்களுக்கு வலித்தது. செபத்தில் நானும் சேரவில்லை, அது பொய் என்று சொல்லவும் இல்லை. அந்தக் குழுவில் நானும் ஒருத்தி.

அன்ரி நடையை நிறுத்தவில்லை. அதையும் குறை சொன்னார்கள், உடனே திரும்பியிருக்க வேண்டுமாம். திரும்பி என்ன செய்வது? எடுக்காத தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பதா? ஒரு நாள் காற்று எழும்ப விடாமல் படுக்க வைத்தது. மற்ற நாள்களில் கணுக்கால் புதையும் சேற்றில் நடந்தார். மாலை வரிகள் குறுகிப்போயின. "பதினெட்டு." "இருபது. எமிலியா எடுக்கேல்லை." பதினாறாம் திகதி ஸ்ரோர்னோவேயில் கப்பல்துறை வாங்கில் அமர்ந்து பொரித்த மீனும் கிழங்கும் சாப்பிட்டார். "முடிஞ்சுது" என்று மட்டும் எழுதினார்.

அன்ரி திரும்பி வந்த பிறகு றொபின் ஒருநாள் தனியாக வந்து, வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனான். "அவவுக்கு நேரம் வேணும் அம்மா." அவ்வளவுதான். மண்டபத்தில் அன்ரிக்கு யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. கோப்பி கொடுத்தார்கள், பக்கத்தில் இருக்கவில்லை. வரவிருந்த நத்தார் விருந்துச் சமையல் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. அதற்குள் புதிய கதை ஒன்றும் கிளம்பியிருந்தது: அன்ரிக்கும் மாமாவுக்கும் பிரிவாம், அதனால்தான் போனாவாம். காரணம் இல்லாமல் ஒரு பெண் நடந்தாள் என்பதைவிட, ஒரு குடும்பம் உடைந்தது என்பதை நம்புவது அவர்களுக்குச் சுலபம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வேலை இடைவேளையில், அன்ரி தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் ஒரு உதவி கேட்டார்.

"நீ ரண்டு பாசையும் படிச்சனி, பிள்ளை. நடந்ததை எழுது. முதல் நோர்வே பாசையிலை எழுதி எமிலியாவிட்டைக் குடு, அவவுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் சொன்ன பொய்யை ஒளிக்காதை, அப்பிடியே போடு. நான் ஏன் நடந்தனான் எண்டு மட்டும் ஒரு காரணத்தைத் தேடிப் பிடிச்சுப் போட்டிடாதை. வாசிச்சுப்போட்டு அவ சம்மதிச்சால் மட்டும் தமிழிலை எழுதிச் சனத்துக்குக் குடு."