வயிற்றில் புள்ளி வைத்த ஓணான்

மாமாவுக்கு மட்டும் தினமும் ஒரு அவித்த முட்டை. என் முதல் சந்தேகம் அதில்தான் ஆரம்பித்தது. எனக்கும் அப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால்தான் முட்டை, அதுவும் ஆளுக்குப் பாதி. வீட்டில் சும்மா வந்து தங்கியிருக்கிற ஒருவருக்குத் திங்கள் முதல் சனி வரை முழு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். மாமா மூளையால் உழைக்கிறவர் என்றாள். நானும் நான்காம் வகுப்பில் மூளையால்தான் உழைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர், மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிற தற்காலிக வேலை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டின் வெளி அறையில் இருந்தார். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அவற்றை அம்மா மட்டும்தான் கழுவுவாள், அதுவும் கொதிக்கிற தண்ணீரில். ஒருநாள் தெரியாமல் அந்த டம்ளரில் தண்ணீர் குடிக்கப் போனேன், அம்மா பளாரென்று கையில் ஒன்று வைத்தாள். மாமா ஆராய்ச்சிக்குச் சேர்த்து வைத்திருக்கிற ஓணான் புட்டிகளில் ஊற்றுகிற மருந்து விஷமாம், அது மாமா கையிலிருந்து டம்ளரில் ஒட்டிக்கொள்ளுமாம். அப்படியானால் அதே டம்ளரில் குடிக்கிற மாமா மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

வெளி அறையில் இரண்டு தட்டுள்ள பலகை ஒன்று இருந்தது. மேல் தட்டில் வரிசையாகப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஓணான், ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓணானில் ஒரே வகைதான், கல்லால் அடிக்க வேண்டிய வகை. சித்திரை வெயிலில் அது வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டும்போது கழுத்து சிவந்துகொண்டே வரும். எங்கள் தொப்புள் வழியாக ரத்தத்தை உறிஞ்சுவதால்தான் அந்தச் சிவப்பு என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேலியைக் கடக்கும்போது கவுனுக்கு மேல் ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொள்வோம்.

மாமா வேறு மாதிரி பிரிப்பார். சிவப்பாக இருப்பது ஆண், சாம்பலாக இருப்பது பெண், இரண்டும் ஒரே வகை. நிறம் நாளுக்கு நாள் மாறும், ஆகவே அதை நம்பக் கூடாது. பிடரியில் எத்தனை முள், காதுக்கு மேல் முள் தனித்தனியாக இருக்கிறதா, நடு உடம்பைச் சுற்றி எத்தனை வரிசைச் செதில், செதிலின் நுனி மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தொண்டையில் விசிறி விரிக்கிற வெட்டவெளி ஓணான் ஒரு வகை, மலைப்பாறையில் ஒட்டிக்கிடப்பது ஒரு வகை, வேலி ஓணான் ஒரு வகை. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இருக்கிற வேலி ஓணானுக்கு, செம்பாக்கம், பீர்க்கன்கரணைப் பக்கம் இருப்பதைவிட முள் குட்டை, செதில் வரிசையும் குறைவு, ஆகவே அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. இரண்டு வருஷமாக அதை ஒரு கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். பேராசிரியர் பார்த்துச் சரி என்றால் அது கல்கத்தாவில் அச்சாகிற விலங்கியல் பத்திரிகைக்குப் போகும், வேலையும் நிரந்தரமாகும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். இரவு ஜெபத்தில் அப்பா, மச்சானுடைய ஓணான்களையும் ஆண்டவரே ஆசீர்வதியும் என்று சொல்கிற அளவுக்குத் தெரியும்.

சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. என் எழுத்து கடுகு மாதிரி பொடியாக இருக்கும். மாமா ஊரும் தேதியும் சொல்லச் சொல்ல இந்தியன் இங்க்கில் எழுதுவேன். சாதாரண மை மருந்தில் கரைந்துவிடும், இது என்ன ஆனாலும் போகாது.

கல்லூரி லீவு விட்டதும் மாமா புதன், சனி பிற்பகல்களில் சைக்கிளில் பள்ளிக்கரணைக்குப் போக ஆரம்பித்தார். இங்கேதான் என் மூக்கு வேர்த்தது. முன்பெல்லாம் அங்கே போய் வந்தால் டயரிலும் வேட்டி ஓரத்திலும் சேறு அப்பியிருக்கும், அம்மா திட்டிக்கொண்டே துவைப்பாள். இப்போது வேட்டி போனபடியே வந்தது. முன்பு ஆறேழு பிடித்து வருவார், இப்போது ஒன்று அல்லது இரண்டு. வந்ததும் கொல்லைப் பக்கம் அம்மாவோடு குசுகுசுவென்று பேசுவார், நான் போனால் பேச்சு நின்றுவிடும். புதிய புட்டிகளைக் கீழ்த் தட்டில் வைத்தார். மேலே இடம் இருக்கிறதே என்றேன். அது அப்படியே இருக்கட்டும் பாப்பா என்றார்.

இது பள்ளிக்கரணை ஓணான் இல்லை, எங்கள் காட்டாமணக்கு வேலி ஓணான் என்று எனக்குப் பட்டது. பட்டால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு வேலியில் பதினோரு ஓணான் பிடித்தேன். தொப்புள் பயத்தை அந்த ஒரு வாரம் ஒத்திவைத்தேன். ஒவ்வொன்றையும் மல்லாக்கப் பிடித்து வயிற்றில் இந்தியன் இங்க்கால் ஒரு புள்ளி வைத்துத் திரும்ப விட்டேன். அடுத்த புதன்கிழமை மாமா சாயங்காலம் வந்தார். வழக்கம்போல அப்பா, "இன்னிக்கு எத்தனை மச்சான்?" என்றார். ஒன்று என்றார் மாமா. பள்ளிக்கரணை என்று சொன்னார், நானும் பள்ளிக்கரணை என்று எழுதினேன். எழுதிவிட்டுப் புட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். வயிற்றில் என் புள்ளி இருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா மூடி மறைத்துவிடுவாள் என்று சந்தேகம். பெரிய மனிதர் ஒருவர் முன்னால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். முட்டை விஷயமும் சேர்ந்து அப்போது தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேராசிரியர் வீட்டுக்கே வந்தார். அம்மா நல்ல விரிப்பைப் போட்டு, கேக் வாங்கி வைத்திருந்தாள். மாமா மேல் தட்டுப் புட்டிகளை ஒவ்வொன்றாக மேஜைக்குக் கொண்டுவந்தார். பேராசிரியர் லென்ஸ் வைத்துச் செதில்களை எண்ணினார், மாமாவின் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்து, இதை நானே அனுப்புகிறேன் என்றார். அப்பா மாமாவின் முதுகில் தட்டினார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

நான் கீழ்த் தட்டிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"சார், இதுல பள்ளிக்கரணைன்னு போட்டிருக்கு. ஆனா இது எங்க வூட்டு வேலி ஓணான். வயித்துல நான் வெச்ச புள்ளி இருக்கு பாருங்க."

அவர் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஓணானை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அந்தப் புள்ளியைத் துடைத்தும் பார்த்தார். அது போகவில்லை. பிறகு சீட்டிலிருந்த தேதியைப் படித்துவிட்டு, அன்றைக்குப் பள்ளிக்கரணை போனீர்களா என்று மாமாவைக் கேட்டார்.

"போகலை சார்."

எங்கே போனீர்கள் என்றார். மாமா அப்பாவைப் பார்த்தார். அடுத்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு வேலையாகப் போயிருந்தேன் என்றார் மாமா.

பேராசிரியர் லென்ஸை மடித்துப் பையில் போட்டார். "ஒரு சீட்டு பொய்னா மத்த சீட்டையெல்லாம் நான் எதை வெச்சு நம்பறது?" என்றார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கட்டுரை கல்கத்தாவுக்குப் போகவில்லை. ஜூனில் கல்லூரி திறந்தபோது மாமாவுக்கு வேலையும் இல்லை. அப்பா அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், ஜெபத்தில் ஓணான்கள் விடுபட்டன. நான் மட்டும் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். பேராசிரியர் வந்துபோன மறுநாளே மாமா என்னைக் கூப்பிட்டு எத்தனை ஓணானுக்குப் புள்ளி வைத்தேன், எப்படிப் பிடித்தேன் என்றெல்லாம் நிதானமாக விசாரித்தார். "நீ பண்ணதுதான் பாப்பா சரியான முறை" என்றார். இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அக்டோபரில் அவர் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராகப் போனார். கடைசிவரை அங்கேயேதான் இருந்தார்.

என் மூத்த மகளுக்குக் கையில் காசநோய்த் தடுப்பூசி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் அம்மா வாய் திறந்தாள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. மாமாவுக்கு நெஞ்சில் காசம் இருந்தது. புதனும் சனியும் பிற்பகலில் ஆஸ்பத்திரியில் ஊசி, ஒரு வருஷத்துக்கு. அப்பாவின் அண்ணன் அதே நோயில் ரத்தம் கக்கிச் செத்தவர். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே அப்பா தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கல்லூரி நாட்களில் மாமாவின் நேரத்தை யாரும் கேட்கவில்லை. லீவில் ஒரு காரணம் வேண்டியிருந்தது, வெறுங்கையோடு வந்தால் அப்பா கேட்பார். விடியும் முன் வேலியில் ஒன்றைப் பிடித்துப் பையில் போட்டுக்கொள்வாராம். அப்படிப் பிடித்த எதையும் அவர் நோட்டில் ஏற்றவில்லை. அதற்காகத்தான் கீழ்த் தட்டு. மேல் தட்டில் இருந்தவை அத்தனையும் முந்தின வருஷங்களில் சேற்றில் இறங்கிப் பிடித்தவை. அவற்றில் ஒரு சீட்டுகூடப் பொய் இல்லை.

அன்றைக்கு நீயாவது சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் கத்தினேன்.

"சொல்லியிருந்தா உங்கப்பா அன்னிக்கு ராத்திரியே அவனை வெளிய அனுப்பியிருப்பார். இன்னும் நாலு மாச ஊசி பாக்கி இருந்துது. பேர் போனா பரவாயில்லக்கா, ஊசி நிக்கக் கூடாதுன்னு அவன்தான் சொன்னான்."

அந்த நாலு மாதமும் மாமா புதன், சனிகளில் வேலை தேடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். ஒரு நாள் விடாமல் நான் வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே போய், தெருப் பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி, "மாமா, இன்னிக்கு எந்த ஊர் ஓணான்?" என்று கேட்டேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. குற்றமுள்ள நெஞ்சுக்குக் கோபம் எங்கிருந்து வரும் என்று, ஒன்பது வயதில், நான் எல்லாம் தெரிந்தவளாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.