அம்பு அக்காவின் ஏழாவது பட்டை

சீருடை தைக்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, குறை கண்டுபிடிப்பது. தைத்து முடித்த சட்டையை மேசையில் விரித்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தையல் விட்டிருந்தாலும் சரி, காலர் கோணியிருந்தாலும் சரி, அந்த இடத்தில் ஒரு குட்டி சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். அம்பு விழுந்தால் மேனேஜரே வந்து பார்த்தாக வேண்டும். குறையைச் சரிசெய்த பிறகு அவள் கையால்தான் அம்பை எடுக்க வேண்டும். அதுவரை பீஸ் மேசையை விட்டு நகராது. இப்படித்தான் அவளுக்கு அம்பு அக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, "வாங்க" என்பதற்கு முன்னாலேயே, "உங்க சட்டைப் பாக்கெட் கோணலா இருக்கு" என்று சொன்ன பெண்மணி அவள். அந்த மனுஷன் இன்றைக்கும் டீ-ஷர்ட்டில்தான் வருகிறார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். கம்பெனியின் சாயப் பிரிவுத் தண்ணீர் அதில்தான் வந்து விழும். சீருடைக் கம்பெனி என்பதால் சாயத்துக்கும் கால அட்டவணை உண்டு. திங்கள் நீலம், செவ்வாய் அரக்கு, புதன் பச்சை, வியாழன் காக்கி, வெள்ளி கறுப்பு. சனிக்கிழமை தொட்டி கழுவுகிற நாள், எல்லாம் கலந்து பேர் வைக்க முடியாத நிறம். காலண்டர் பார்க்காமலே அந்தத் தெருவில் கிழமை சொல்லிவிடலாம். ஆறு நாளும் ஜன்னலைத் திறக்க முடியாது, அப்படி ஒரு நாற்றம். மகளின் குழந்தைக்கு அந்தக் காற்று பட்டாலே மூச்சு இழுக்கும். அதனால் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவாள். அன்றைக்குக் கம்பெனி லீவு. வாய்க்கால் வெறும் தண்ணீராக ஓடும். ஜன்னல் திறந்திருக்கும். வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

சாயத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்று மனு கொடுத்துப் பார்த்தாள். மூன்றுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது. பரிசீலித்துப் பரிசீலித்து அவர்களுக்குக் கண்ணே போயிருக்கும்.

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் கம்பெனி வாசலில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். 'நம்பிக்கைத் துணி. சுற்றுச்சூழலுக்காக நீங்கள் நம்புவதை ஒரு சதுரத்தில் தைத்துத் தாருங்கள். நூறு சதுரங்கள், ஒரே துணி.' ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவார்களாம். மனுவைத்தான் எவனும் படிக்கவில்லை, துணியையாவது நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம், போஸ்டரில் போட்டிருந்த நூலக மாடிக்குப் போனாள்.

நடத்தியவள் ஒரு ஓவிய டீச்சர். மேசை நிறைய சூரியனும் மரமும் பறவையுமாகச் சதுரங்கள் கிடந்தன. எல்லாம் நேற்று ஊசி பிடித்தவர்களின் கைவேலை. டீச்சர் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பதினேழு அம்பு ஒட்டியாகிவிட்டது.

"இங்க தப்புன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றாள் டீச்சர், ஒவ்வொரு அம்பாக உரித்துக்கொண்டே. "ஒவ்வொரு தையலும் ஒரு உணர்வு."

"உணர்வு இருக்கட்டும் டீச்சர். தூக்கிக் கட்டினா கிழியுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் சதுரத்தைத் தூக்கிப் பார்த்தார். "என் மரத்துல மட்டும் நாலு அம்பு. காட்டுக்குள்ள வேட்டைக்கு வந்தீங்களாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படம் துணியின் விளிம்புவரை போயிருந்தது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தால் ஓரம் உள்ளே போகும் என்பதுகூடத் தெரியாமல் நூறு பேர் உட்கார்ந்து தைத்திருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே பாடம் எடுத்தாள். "எல்லாரும் பெரிய துணியா எடுத்து மறுபடி போடுங்க. சுத்தி ஓரம் விடணும். அதுல ஒரு தையல்கூட இருக்கக் கூடாது. வெள்ளையா இருக்கிறதெல்லாம் மடிச்சு உள்ள போயிடும். எங்க, சொல்லுங்க?"

"வெள்ளையா இருக்கிறதெல்லாம் உள்ள போயிடும்" என்று வளர்ந்த மனிதர்கள் கோரஸாகச் சொன்னார்கள். தபால்காரர் அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டார். அவளை விட்டால் அங்கே தையல் மெஷின் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவளுடைய சதுரத்துக்கு மூன்று வாரம் ஆனது. கம்பெனியில் கழித்துப் போட்ட நூலிலேயே தைத்தாள், அப்போதுதானே நிறம் அச்சு அசலாக வரும். மேலிருந்து கீழே ஏழு வாய்க்கால்கள், ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். ஆறு பட்டைகளில் ஆறு நாளின் நிறம். வலது ஓரத்தில் ஏழாவது பட்டை ஞாயிறு. அதில் ஒரு தையலும் போடவில்லை, வெறும் வெள்ளைத் துணி.

"கடைசியில காலியா இருக்கே, ரெண்டு மீன் போடலாமே?" என்றாள் டீச்சர்.

"அது காலி இல்லைங்க. சாயம் இல்லாத தண்ணி. என் நம்பிக்கையே அதுதான். அதுல மட்டும் கை வைக்காதீங்க."

யாரும் கை வைக்கவில்லை. சதுரங்களை இணைக்கிற சனிக்கிழமை கம்பெனியில் அவசர ஆர்டர் என்று அவளை எட்டு மணிவரை பிடித்து வைத்துக்கொண்டார்கள். நூலக மாடிக்கு அவளால் போக முடியவில்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் திறப்பு விழா. மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். துணி சுவர் முழுக்கத் தொங்கியது. பார்த்ததும் அவள் கண் அழகிலா போகும்? நாலாவது வரிசையில் போய்க் குத்திட்டு நின்றது. அந்த வரிசை மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை. இரண்டு விரல் குறைந்து, கடைசியில் ஒரு பச்சைத் துணியை ஒட்டுப் போட்டிருந்தார்கள். 'எந்தப் புண்ணியவான் அளவைத் தின்றான்?' என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சதுரமாகப் பார்த்து வந்தாள். மகள் அவளுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, நான் வர்ற நாள் எங்கம்மா?"

எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். கறுப்பு, அதன்பிறகு சனிக்கிழமையின் அழுக்கு நிறம், அதை ஒட்டி நேராகத் தபால்காரரின் மரம்.

தபால்காரர் பெருமையோடு வந்தார். "எப்படிம்மா? நீங்க சொன்னபடியேதான். வெள்ளையா இருந்ததையெல்லாம் உள்ள மடிச்சுட்டேன். உங்களுதுல ஓரம் கொஞ்சம் தாராளமாவே விட்டிருந்தீங்க. ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல தையலை அவள் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறாள். யாரைத் திட்டுவது? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"விடுங்கக்கா" என்றாள் டீச்சர். "உள்ளதானே இருக்கு? மறைஞ்சிருக்கிற நம்பிக்கை. அதுவும் ஒரு அழகுதான். விருந்தாளிங்க வந்துட்டாங்க, சாயங்காலம் வேன்ல அடுத்த ஊருக்குப் போகுது. இப்போ பிரிக்க நேரமில்லை."

"மறைஞ்சிருந்தா யாருக்கு டீச்சர் பிரயோஜனம்? எனக்குத் தெரியும், அது உள்ள இருக்குன்னு. மத்தவங்களுக்குத் தெரியணும்னுதானே தைச்சேன்!"

டீச்சர் மேடைக்கு ஓடிவிட்டாள். அம்பு அக்கா கைப்பையைத் திறந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, அந்தத் தையலின்மேல் ஒட்டினாள்.

மண்டபத்தில் இருநூறு பேர். அந்த அம்பைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் ஒரே ஒருவர், கம்பெனி மேனேஜர். துணியும் நூலும் கம்பெனி உபயம் என்பதால் அவர்தான் சிறப்பு விருந்தினர்.

"என்னம்மா டிபெக்ட்?" என்றார் மூச்சு வாங்க. கேட்ட பிறகுதான் தான் கம்பெனியில் இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் கண் அதற்குள் பட்டைகளில் விழுந்துவிட்டது. நீலம், அரக்கு, பச்சை, காக்கி. "இது நம்ம நூலா?"

"நம்ம நூல்தான் சார். நம்ம தண்ணியும்தான்."

அவள் இரண்டு கட்டை விரலையும் கொடுத்துத் தையலை முடிந்தமட்டும் விரித்தாள். உள்ளே நூலளவுக்கு வெள்ளை தெரிந்தது. "இது ஞாயித்துக்கிழமை சார். என் பேத்தி எங்க வீட்டுக்கு வர்ற ஒரே நாள். ஏழு நாளும் இப்படி இருக்கணும்னு தைச்சேன். இருந்த ஒண்ணும் உள்ள போயிடுச்சு."

மேடையிலிருந்து மைக்கில் அவரைக் கூப்பிட்டார்கள். "சரி, சரி, பாக்கலாம்மா" என்றார். மனுவுக்கு வந்த அதே பதில், இப்போது நேரிலேயே கிடைத்தது. போய் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். அவர் பேசி முடிக்கிறவரை அவள் தையலை விரித்தபடியே நின்றாள். விரல் மரத்துப் போனது. அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

விழா முடிந்ததும் துணியை இறக்கித் தரையில் போட்டு, யாரையும் கேட்காமல் பிரிக்க உட்கார்ந்தாள். ரெட்டைத் தையல் லேசில் விட்டுக்கொடுக்குமா? தபால்காரர் எதிரே உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நோட்டுல எழுதினப்ப கேட்டிருக்கணும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். வேன் டிரைவர் நாற்பது நிமிஷம் ஹாரன் அடித்தார். ஒட்டுப் போட்ட பச்சைத் துணி கழன்றது, மரம் தள்ளிப் போனது, ஞாயிறு வெளியே வந்தது, கசங்கி, ஓரத்தில் இரண்டு வரிசை ஊசித் துளையோடு. மரத்தை அதன் பக்கத்தில் கையாலேயே தைத்துச் சேர்த்தாள்.

துணியைச் சுருட்டும்போது மகள் சொன்னாள். "அம்மா, அம்பு அப்படியே இருக்கு. எடுக்கலையா?"

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"சரியான பிறகுதாண்டி எடுக்கணும்" என்றாள்.

டிரைவர் துணியை வாங்கி வேனில் ஏற்றினார்.