சக்கரம் செருப்பான கதை

உங்கள் காரின் டயர் செருப்பா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்னும் பகுதியின் ஒரு சிற்றூர்க் கூட்டம் இந்தக் கேள்வியை ஒரு முழுப் பிற்பகல் விவாதித்து, கார் டயர் செருப்பில்லை, ஸ்கூட்டர் டயர் செருப்பில்லை, சக்கர நாற்காலியின் டயர் மட்டும் செருப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மூன்றிலும் ரப்பர் ஒன்றுதான். உட்கார்ந்திருக்கும் ஆள்தான் வேறு.

ஊருக்கும் ஏரிக்கும் நடுவே அம்மன் கோயில் திடல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். வேறு வழி கிடையாது. திடலில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்பது பழைய வழக்கம். கால் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடந்துவிட்டுப் போகட்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் அர்த்தனாரிக்குத் தன் கால்கள் இருப்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அவருக்கு வயது முப்பத்தாறு. பத்தொன்பதில் சென்னைக்குப் போய், பாய்மரப் படகுச் சங்கம் ஒன்றில் படகு கழுவும் வேலையில் சேர்ந்தார். பணக்காரப் பிள்ளைகள் வராத நாட்களில் படகை எடுத்து ஓட்டிப் பழகினார். மூன்றாம் வருடம் அந்தப் பிள்ளைகளுக்கே காற்று எப்போது திசை மாறும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் கயிறு பிடித்த படகு கோப்பை வாங்கியது. கோப்பையோடு எடுத்த படத்தில் அவர் இல்லை.

மாசி பிறந்தால் மிளகு பறிக்க ஊருக்கு வந்துவிடுவார். ஐந்து வருடங்களுக்கு முன் அப்படி வந்தவர், பனி காயாத ஒற்றை மூங்கில் ஏணியில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் மேல் முப்பதடி உயரத்தில் நின்றிருந்தார். கணு வழுக்கியது. இடுப்பில் கயிறு இல்லை. தோட்டக்காரர் எந்த வருடமும் கயிறு வாங்கித் தந்ததில்லை. முதுகெலும்பு உடைந்து, உள்ளே தண்டுவடம் நசுங்கிப்போனது.

"அமாவாசைல மரமேறுனான், ஆத்தா தள்ளி உட்டுட்டா" என்றது ஊர். எவ்வளவு வசதியான ஆத்தா! அவள் தள்ளினாள் என்று சொல்லிவிட்டால், கயிறு வாங்கித் தராதவரை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. முதலாளிகளுக்குச் சம்பளமில்லாமல் வாதாடும் வக்கீலாகச் சாமியை வைத்திருக்கிறோம்.

பத்து மாதம் ஆஸ்பத்திரி. பிறகு மூன்று வருடம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒருநாள் சென்னையில் கூட வேலை பார்த்த சதீஷ்குமார் போன் செய்தான். சங்கத்தில் ஒரு பழைய பதினோரு அடிப் படகை உடைக்கப்போகிறார்களாம்.

"கேட்டு வாங்கி அனுப்பட்டுமா?"

"என்னைய வெச்சுக்கிட்டு வெளையாடறியாடா?"

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? பாய்க்கயிறு ஒரு கையில, சுக்கான் ஒரு கையில. காலு எங்கடா வருது?"

அன்றிலிருந்து அவருக்குக் கூரை தெரியவில்லை. காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரி ஹபீப் ரஹ்மான், சரக்கெடுக்கக் காலியாக மேலே வரும் தன் லாரியில் படகைப் போட்டு எழுபது வளைவும் ஏற்றி ஏரிக்கரையில் இறக்கினார். படகின் பாய் இற்றுப்போயிருந்தது. மிளகு காயப்போடும் நீலத் தார்ப்பாயை வெட்டி மனைவி சங்கீதா புதிதாகத் தைத்தார். எல்லாம் தயார். முந்நூறு அடித் திடல்தான் பாக்கி.

கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி சாவகாசமாகக் கேட்டார்:

"ஏங் கண்ணு, கால்ல போடறது செருப்பு. உனக்கு இப்பக் காலே இந்த வண்டிதான. அப்ப அதுல மாட்டியிருக்கறது என்ன?"

"ஏனுங்க, அப்ப உங்க ஸ்கூட்டருங்க?"

"அது வாகனம் சாமி. ஆத்தாளுக்கே வாகனம் இருக்குதில்ல."

"ஏரி பாக்க வர்ற காருங்க?"

"அதுவும் வாகனந்தான்."

அந்தக் கார்களை நம்பித்தான் ஏரிக்கரையில் ஊர்க்கவுண்டரின் மகன் டீக்கடை போட்டிருக்கிறான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"நான் தவழ்ந்து போனா?"

"போ சாமி, ஆரு வேண்டாங்கறது? வேண்டுதல் மாதிரி இருக்கும்."

கூட்டம் சிரித்தது.

தூக்கிப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மேடு பள்ளத்தில் அவரைத் தூக்க நாலு ஆள் வேண்டும். நாலு பேரும் காட்டு வேலையில் இருக்கும் நேரத்தில்தான் ஏரியில் காற்று வரும்.

சித்திரை வெயிலில் அவர் தவழ்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பை இழுத்து, மறுபடி ஊன்றி. சங்கீதா குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஏரிக்கரை சேர்ந்ததும் அர்த்தனாரி சிரித்துக்கொண்டே படகைப் பார்த்தார். சங்கீதா அவர் வேட்டியைப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க ரத்தம். சூடேறிய சரளை தோலை உரித்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி இல்லாத உடம்பில் அப்படியொரு புண் வந்தால் எலும்புவரை அரித்து உயிரையே எடுக்கும். மூன்று மாதம் குப்புறப் படுத்துத் தப்பித்தார். "பாத்தியா, ஆத்தா" என்றது ஊர், மறுபடியும்.

புண் ஆறியபோது ஆடி பிறந்து காற்றும் வந்துவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை, ஏரிக்கு அப்பால் இருக்கும் தோட்டத்துக்கு ஸ்கூட்டரில் வந்த குழந்தைசாமியைத் திடலின் ஓரத்தில் சங்கீதா மறித்தார்.

"மாமா, கழட்டி வெச்சுட்டுப் போங்க."

"செருப்பு ஊட்லயே இருக்குது புள்ள."

"சக்கரத்தச் சொன்னனுங்க."

"வெளையாடாத, நவுரு."

"வெளையாட்டில்லீங்க. எங்கூட்டுக்காரரு சக்கரம் செருப்புன்னா உங்குளுதும் செருப்பு. ஒரு ஜோடிதானுங்களே, கழட்ட எத்தன நேரமாவும்?"

பின்னால் ஹபீப் ரஹ்மானின் லாரி வந்து நின்றது. சங்கீதா திரும்பி, "பாய், உங்க லாரில ஆறு இருக்குது. மூணு ஜோடி!" என்றார்.

"நான் கழட்டிர்றேன் அம்மிணி, நீ ஜாக்கியப் புடி" என்று அவர் இறங்கவே, தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

குழந்தைசாமிக்குச் சிரிப்பு பிடிக்கவில்லை. "செரி, அவன லாரில ஏத்திக்கிட்டுப் போங்க. லாரி வாகனம்" என்றார். தரையில் நான்கு சக்கரம் உருண்டால் தீட்டு; அதே நான்கை இன்னும் ஆறின்மேல் ஏற்றினால் புனிதம். கணக்குப் பாடம் ஆத்தாளுக்கு யார் நடத்தியதோ!

லாரி திடலைத் தாண்டி ஏரிக்கரையில் நின்றதும் அர்த்தனாரியைத் தூக்கி, தடித்த மெத்தையோடு படகில் உட்காரவைத்தார்கள். மிதவைச் சட்டையை அவரே மாட்டிக்கொண்டார். முன்பெல்லாம் காற்று படகைச் சாய்த்தால், காலை உள்ளே கொக்கி போட்டு உடம்பை வெளியே சாய்த்து அதை நிமிர்த்துவார். இப்போது அந்த வேலைக்கு ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. காற்று வரும் பக்கம் அதை இழுத்துப் போட வேண்டும். முதல் வீச்சுக்கு மூட்டை தாமதமாகிவிட்டது. படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. கரையில் சங்கீதா அலறினார். அர்த்தனாரி பாய்க்கயிற்றை விட்டார். தார்ப்பாய் படபடக்கப் படகு நிமிர்ந்தது. அடுத்த வீச்சு வருமுன், காற்று தொடும் இடத்தில் தண்ணீர் கறுத்து வருவதைக் கண்டு மூட்டையை முன்கூட்டியே நகர்த்தினார். பிறகு கயிற்றை இழுத்துப் பிடித்து எதிர்க்கரைவரை போய், திருப்பி, மறுபடி போனார். நாற்பது நிமிடம். கரையில் காரை நிறுத்தியிருந்த ஒரு குடும்பம் வீடியோ எடுத்துக்கொண்டே "பாவம்" என்றது. ஏரியில் அப்போது பாவப்பட வேண்டியவர் யாரும் இல்லை.

கரைக்கு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "மூட்டைய ரெண்டாப் பிரிக்கோணும். கனமாயிருக்குது."

லாரி பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாட்களில் அர்த்தனாரி திடலின் இந்த ஓரத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, முந்நூறு அடிக்கு அப்பால் தண்ணீரில் காற்று ஓடுவதைப் பார்க்கிறார். அவரைத் தாண்டி உங்கள் கார்கள் போகின்றன.

இந்த விடுமுறைக்குக் கொல்லிமலைக்கு வருகிறீர்களா? நீலத் தார்ப்பாய் கட்டிய படகு எந்த ஏரியில் என்று விசாரித்து வாருங்கள். காரைத் திடலுக்கு இந்தப் பக்கமே நிறுத்துங்கள். குழந்தைசாமி ஓடிவந்து, "வாகனம் போலாமுங்க" என்பார். அந்த நாற்காலி போகும்வரை எங்கள் கார் போகாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பத்துக் கார்கள் அப்படி நின்று, டீக்கடை ஒரு நாள் ஈ ஓட்டினால் ஆத்தா மனம் மாறிவிடுவாள். அதன்பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். உங்களுக்குத்தான் கால் இருக்கிறதே.