ரெமிஜியஸ் அண்ணனின் முதல் கைதட்டு

பெங்களூரில் கைதட்டலைக் கண்டுபிடித்தவர் எங்கள் ரெமிஜியஸ் அண்ணன். அதற்கு முன்னால் இங்கே ஜனங்கள் கைகளைச் சோறு பிசையவும் கொசு அடிக்கவும் மட்டுமே வைத்திருந்தார்கள். நம்பாதவர்கள் அல்சூரில் எங்கள் நாடகக் கொட்டகைக்கு வந்து பார்க்கலாம்.

அங்கே வாசலில் டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. ஆட்டம் தொடங்கியதும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பார். முடிகிற கணத்தில் முதல் கைதட்டு அவருடையது. அதைக் கேட்டுத்தான் கொட்டகை தட்டும். ஒரு தரம் கச்சேரியில் பாகவதர் ஆலாபனைக்கு நடுவே மூச்சு வாங்கியபோது, அண்ணனுக்கு எடுபிடியாகப் பக்கத்தில் நின்ற பொடியன் நான், தட்டிவைத்தேன். மொத்தக் கொட்டகையும் கூடவே தட்டியது. அண்ணன் திருகிய திருகலில் என் வலது காதுக்கு அடுத்த வாரம் வரை எல்லாப் பாட்டும் அபஸ்வரம்தான்.

1958 சீசனில் முதலில் கச்சேரி, அடுத்து சர்க்கஸ், கடைசியில் புதுமாதிரி நாடகங்கள். புதுமாதிரி என்றால் திரை கிடையாது, பாட்டு கிடையாது, எப்போது முடிந்ததென்று யாருக்கும் தெரியாது. முந்தின வருஷம் அண்ணன் காய்ச்சலில் படுத்த நாளில் ஒரு நடிகர் முடித்துவிட்டு அப்படியே நின்றார். "இன்டர்வெல்லா?" என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் எழுந்து போனார்கள். அவர் அப்புறம் மேடை ஏறவேயில்லை.

இந்த வருஷம் டைப்பிஸ்ட் ராஜலக்ஷ்மி அக்கா, தானே எழுதித் தனியாக நடிக்கிற முதல் நாடகம்.

"ரெண்டு டம்ளரையும் கவுத்து வெச்சா முடிஞ்சுதுண்ணா. நீங்க கை தட்டலேன்னா நான் அங்கேயே நின்னுண்டிருப்பேன்."

"பயப்படாதம்மா. நான் கீறேன்ல."

நாடகத்துக்கு முந்தின வாரம், சர்க்கஸில் அந்தரத்தில் ஆடிய பெண்ணைத் தாங்கிய வடம் முளையிலிருந்து அவிழ்ந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் பாய்ந்து பிடித்தார். பெண் மெதுவாகத் தரையில் இறங்கினாள். அண்ணனின் உள்ளங்கைத் தோல் வடத்தோடு போனது.

கட்டுப் போட்ட கைகளைப் பார்த்து அக்கா வெளிறிப்போனார்.

"இவன் தட்டுவான்" என்று அண்ணன் என்னைக் காட்டினார்.

"இவனா!" என்றார் அக்கா.

"நடுவுல தட்டுனான்னா, இன்னொரு காது பாக்கி கீதும்மா."

நாடகத்தன்று அக்கா மேடையில் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி வைத்தார். ஒன்றைத் தான் குடித்தார். மற்றதற்கு எதிரே யாரும் இல்லை. வாசலைப் பார்த்தார். அந்த டம்ளரை மூடிவைத்தார், தொட்டுப் பார்த்தார், மறுபடி சுடவைத்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். கடைசியில் கொட்டிவிட்டு, இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

கொட்டகையில் ஒரு கையும் தட்டவில்லை. அக்கா நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

என் பக்கத்தில் தொப், தொப் என்று தலையணையை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் தட்டிக்கொண்டிருந்தார். கட்டுத் துணியில் சிவப்பு ஊறியது, அவர் நிறுத்தவில்லை. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு கொட்டகையே அதிர்ந்தது. அக்கா கடைசி வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா தட்டல?"

"தூங்கிட்டேண்ணா. ஒரே பேஜார் நாடகம்."

கட்டுப் போட்ட கையால் என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார்.

"காலர் இன்னாடா நனைஞ்சு கீது?"

"தூக்கத்துல எச்சி வடிஞ்சிச்சுண்ணா."

"கண்ணுலேர்ந்தா?"